ஜூஜுவாடியில் கடல் எந்தப் பக்கம்

ஓசூரில் கடலைத் தேடுகிறேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டிய ஒரு கல் யார்டில், கம்பெனி கொடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு தேடினேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தொப்பி இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் படித்தது நிலவியல். பார்ப்பது பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி வேலை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனார் கேட்டார். அவருக்கு இன்னும் பதில் போகவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன். என் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினாலும் கிளிஞ்சல் வரும். ஏதோ ஒரு காலத்தில் கடல் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன பூமி. அந்தத் தைரியத்தில் சேர்ந்த படிப்பு. அதில் எனக்குப் பிடித்த பாடமே, படிவுப் பாறைகளின் அடுக்கைப் பார்த்துப் பழைய கரை எங்கே இருந்தது, கடல் உள்ளே வந்ததா பின்வாங்கியதா என்று சொல்வதுதான். வேலை கிடைத்ததோ ஓசூரில். இந்த வட்டாரத்துப் பாறை எல்லாம் பூமிக்குள்ளேயே வெந்து நசுங்கி மேலே வந்த ரகம். கடல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நீச்சல் படித்தவனை மொட்டை மாடியில் வேலைக்கு வைத்த மாதிரி ஆகிவிட்டது என் கதை.

ஆனால் கடல் ஓசூருக்கு லாரியில் வருகிறது. கடப்பாக் கல், கோட்டாக் கல், வட கர்நாடகத்து மணற்கல் என்று யார்டில் சாய்த்து வைத்திருப்பதில் பாதிக்கு மேல் பழைய கடலடி. ஜனங்கள் அதன்மேல் தேங்காய் உடைக்கிறார்கள், கிரைண்டர் வைக்கிறார்கள். நான் மட்டும் குனிந்து, அதில் பதிந்து இறுகின அலைவரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யார்டு ஒரு அக்காவினுடையது. அவங்க அப்பா விட்டுப்போனது. வீட்டில் தெலுங்கு, லோடு இறக்குகிறவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், அண்ணனோடு சண்டை போடும்போது மூன்றும் கலந்து. கல் வாங்காமல் கல்லைத் தடவிவிட்டுப் போகிற ஆளை ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டு, நான் யாராவது டிபார்ட்மெண்ட் ஆளா, செக்கிங்கா என்று கேட்டார். இல்லை, கடல் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க" என்றார். எனக்கு அனுதாபம் காட்டுகிறவர்களை எப்போதுமே பிடிக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்த பாடம் அது. கூழாங்கல்லும் கரடுமுரடான மணலும் இருந்தால் கரையோரம். மேற்பரப்பில் அலைவரி இருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீர். வெடிப்பு விட்டிருந்தால், சேறு வெயிலில் காய்ந்த இடம், தண்ணீர் அப்போது இல்லை. வழவழவென்று கருஞ்சாம்பலாக இருந்தால் அலை தொடாத ஆழம். அடுக்கில் கீழே கரடும் மேலே வழவழப்பும் என்றால் கடல் ஊருக்குள் வந்திருக்கிறது. தலைகீழ் என்றால் கடல் வெளியே போயிருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப என் யார்டு பூராவும் பீச்சு" என்றார். அதற்கப்புறம் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிக் கல் விற்க ஆரம்பித்ததாகக் கேள்வி.

அக்காவுக்குப் பிரச்சினை அவருடைய அண்ணன். தப்பான ஆள் இல்லை. லாரி வைத்திருப்பவர். எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு யார்டு இடம் பார்க்கிங்காகத் தெரியும். கல்லைத் தூக்கி இறக்குவது பொம்பளைக்கு எதற்கு, இடத்தைச் சமன் பண்ணி லாரி விட்டால் உட்கார்ந்த இடத்தில் வாடகை என்பது அவர் கட்சி. கிச்சன் மேடைக்குக் கல் விற்பதோடு நின்றால் யார்டு நிற்காது என்று அக்காவுக்கும் தெரியும். எல்லாரும் இப்போது டைல்ஸ், செயற்கைக் கல் என்று போகிறார்கள். சுவர் வேலை, வாசல் வேலை என்று மேலே போக வேண்டும். கடைசியில் அண்ணனும் தங்கையும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இந்த ஆடிக்குள் அக்கா ஒரு பெரிய சுவர் வேலையை எடுத்து, வாங்கியவர் குறை சொல்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டால் யார்டு அக்காவுக்கு. இல்லையென்றால் ஜல்லி கொட்டி லாரி.

அப்போதுதான் கப்பல்காரர் வந்தார்.

கெலமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் தக்காளி போடாமல் கப்பலில் எஞ்சினியராகப் போய், உலகம் சுற்றி ஓய்வுபெற்று, கெலவரப்பள்ளி அணை போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கல் வேண்டும். நங்கூரம், மீன், கலங்கரை விளக்கம் மாதிரி எதையாவது மாட்டினால் வீட்டை விட்டுப் போய்விடுவதாக அவர் மனைவி சொல்லியிருந்தார். அதனால் படமாக இல்லாமல் கடலாகவே வேண்டும் அவருக்கு. ஒரே பாறைக் கட்டையிலிருந்து பிளந்த கல்லாக, குவாரியில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில், கீழிருந்து மேலாக. வந்து பார்க்கிறவர்களுக்கு, இங்கே கடல் இப்படி வந்தது, இப்படிப் போனது என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் வேண்டாம், என்றார். முப்பது வருஷம் நட்டையும் போல்ட்டையும் வரிசை மாறாமல் கழற்றி மாட்டிய மனுஷன், சொன்னால் சொன்னதுதான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் படிப்பை ஒருத்தர் கேட்டு வந்திருக்கிறார். நான் எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அடக்கமாகவா?

வட கர்நாடகத்துக் குவாரியிலிருந்து ஒரு கட்டை வந்தது. ஓரங்களை அறுத்துச் சதுரமாக்கி, பிறகு உளி வைத்து அடுக்கடுக்காகப் பிளந்தது. ஒரு கோடியில் அரக்கு நிற மணற்கல், மறுகோடிக்குப் போகப்போகக் கருஞ்சாம்பல். யார்டில் இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் ஒரு ஞாயிறு முழுக்க முன்னாலிருந்து பின்னாலாக ஒவ்வொன்றையும் நகர்த்தச் சொல்லி, முகத்தைப் பார்த்து, சாக்பீஸால் எண் போட்டேன். சாயங்காலம் கப்பல்காரரை நிற்க வைத்துக் கதை சொன்னேன். வழவழப்பும் அலைவரியும் முடிந்து வந்த முதல் கல்லில் வெடிப்பு, கடல் இல்லை. ரெண்டாவதில் மேலே துருத்திய கோடுகள். இது ஏதோ ஒரு ஜீவன் சேற்றில் ஊர்ந்த தடம், அப்படியானால் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதில் மறுபடி வெடிப்பு. நாலாவதில் மறுபடி ஜீவன். கடல் வந்தது, போனது, வந்தது, போனது. டோல்கேட்டில் மாட்டின லாரி மாதிரி முன்னும் பின்னுமாக நகர்ந்து, கடைசியில் ஒரேயடியாகப் போய்விட்டது. இவ்வளவு ஆட்டம் ஆடின கடலை நானே கேள்விப்பட்டதில்லை. அதையே பெருமையாகச் சொன்னேன்.

கப்பல்காரர் அசந்துபோனார். அக்கா முகம் விளக்குப் போட்டது போலாயிற்று. அண்ணன் ஓரத்தில் நின்று, "சார் பேசறத கேட்டா நமக்கே கால் நனையுது" என்றார். அது பாராட்டு இல்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, சுவரில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அதற்கு இடம் வேண்டி, லோடு ஆட்கள் ரெண்டு கல்லைப் படுக்கப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். பிறகு மேல்கல்லைத் தள்ளினால் நகரவில்லை. ரெண்டு பேர் தள்ளியும் நகரவில்லை. கடித்துக்கொண்டது என்று கன்னடத்தில் திட்டினார்கள். நான் போய்ப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஓரங்கள் நாலும் ஒன்றுபோல் சேர்ந்திருந்தன. நடுவில் இடைவெளியே இல்லை. டிபன் பாக்ஸ் மூடின மாதிரி.

கடப்பாரை வைத்து நெம்பித் திறந்தார்கள். கீழ்க்கல்லின் மேல்முகத்தில் வெடிப்புப் பள்ளம். மேல்கல்லின் அடிமுகத்தில், அதே கிளை, அதே வளைவு, துருத்திக்கொண்டு. வெடித்த சேற்றின்மேல் அடுத்த மணல் வந்து விழுந்து, வெடிப்புக்குள் இறங்கி இறுகின அச்சு அது. நான் ஜீவன் என்று சொன்னது இதைத்தான். இந்தக் கல் படிந்த காலத்தில் ஊர்வதற்கு உலகத்தில் ஒரு புழுகூடப் பிறந்திருக்கவில்லை என்பது, மூன்றாம் செமஸ்டரில் நானே எழுதிப் பாஸ் பண்ணின விஷயம்.

பிறகு எல்லாம் தானாகக் கழன்றது. கல்லை ஏற்றும்போது நல்ல முகத்தில் கீறல் விழக்கூடாது என்று முகத்தோடு முகம் வைத்துத்தான் அடுக்குவார்கள். எல்லா யார்டிலும் அப்படித்தான், நான் வாரா வாரம் பார்த்ததுதான். ஆக, ஒன்றுவிட்டு ஒரு கல் எனக்குத் தன் அடியைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதையும் மேல்முகம் என்றே படித்திருக்கிறேன். கடல் வந்து போய் வந்து போய் ஆடின ஆட்டம் முழுக்க, ஒருவர் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்த ஆட்டம். அதோடு, ஹாட்பாக்ஸிலிருந்து இன்னொரு ஹாட்பாக்ஸுக்குச் சப்பாத்தி மாற்றினால் மேலே இருந்தது கீழே போகிற மாதிரி, ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும் வரிசை கவிழ்ந்திருக்கும். எத்தனை தடவை கவிழ்ந்ததோ யாருக்குத் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது வேறு. கம்பெனியில் நாள் முழுக்க நான் செய்வது, உதிரிபாகத்தின் ஓட்டைக்குள் அளவுப் பின் போகிறதா போகவில்லையா என்று போட்டுப் பார்ப்பதுதான். போனால் ஓகே, போகாவிட்டால் ரிஜெக்ட். அந்தக் கையை வைத்துக்கொண்டு, கடலை மட்டும் கண்ணால் பார்த்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். கப்பல்காரர் அன்றைக்கு மத்தியானம் வருவதாக இருந்தது. அக்கா திட்டவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"தம்பி, பள்ளம் இருக்கறது மேல் பக்கம். மேடு இருக்கறது அடிப் பக்கம். மேடு பள்ளத்துல உக்காந்துச்சுன்னா அது அது மேல. அவ்ளோதானே?"

"அவ்ளோதான் அக்கா."

"இதச் சொல்றதுக்கா அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கைய ஆட்டுனீங்க?"

வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு கல்லாகப் படுக்க வைத்து, அடுத்ததைக் கயிறு கட்டி இறக்கி, உட்காருகிறதா என்று பார்ப்பது. உட்காராவிட்டால் வேறொன்று. அலைவரி உள்ள கற்களும் அப்படியேதான். அலையின் முகடு கூராகவும் பள்ளம் உருண்டையாகவும் இருந்தால் அது மேல்முகம், அடிமுகத்தில் அது தலைகீழாக இருக்கும். என் சாக்பீஸ் எண்களை லோடு ஆள் ஒருவர் ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டே வந்தார். என் மானத்தையும் சேர்த்துத் துடைக்கிறாரோ என்று பட்டது, வேகமாகத் துடைத்தார். ஒவ்வொரு கல்லும் "டொக்" என்று உட்காரும்போது எல்லாருக்கும் ஒரு சந்தோஷம். நாலாவது கல்லிலேயே அக்கா விரலால் தடவிப் பார்த்து எது மேல் எது கீழ் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். புதிய அடுக்கில் கடல் ஆடவே இல்லை. அடியில் கூழாங்கல், அதற்கு மேல் காய்ந்து வெடித்த சேற்றுத்தரை, பிறகு அலைவரி, பிறகு வழவழப்பு. சத்தமில்லாமல் ஒரே ஒரு தடவை உள்ளே வந்து, ஊரை மூடிவிட்டிருக்கிறது. நான் போனது என்று சொன்ன கடல், வந்த கடல்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். கீழ்க்கல்லில் மெல்லிய, நெருக்கமான வெடிப்பு. அதற்கு மேல் வரவேண்டிய கல்லின் அடியில் தடித்த, அகலமான கோடுகள். எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. மீதி எல்லாக் கல்லும் ஜோடி சேர்ந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார், கையில் டேப்போடு. எதற்கு டேப் என்று யாரும் கேட்கவில்லை. இடத்தை அளக்க. லோடு ஆட்கள் மூலம் விஷயம் காதுக்குப் போயிருந்தது. கதை மாறிவிட்டதாமே சார் என்றார். ஆமாம் அண்ணே, கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தியிருக்கிறேன் என்றேன். அப்போ இந்த ஒரு இடத்தில் ஏன் உட்காரவில்லை, இங்கேயும் புதுசாக ஏதாவது ஜீவன் உண்டா என்றார்.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நெஜமா சொல்லுங்க. இந்த எடத்துல இருந்தத கடல் எடுத்துட்டுப் போச்சா, நம்ம லாரி எடுத்துட்டுப் போச்சா?"

நல்ல கேள்வி. கடலும் அப்படிச் செய்யும்; படிந்ததை அரித்துக்கொண்டு போய், ஒரு அத்தியாயத்தையே கிழித்துவிட்டுப் போகும். அப்படிச் சொன்னால் கப்பல்காரர் இன்னும் அசந்துபோவார், நானும் தப்பித்துவிடுவேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கடல் அரித்திருந்தால் கீழ்க்கல்லின் முகம் தேய்ந்திருக்கும். மெல்லிய வெடிப்பு ஒவ்வொன்றும் நகக்கீறல் மாதிரி அப்படியே இருந்தது. அதை நிரப்பின மணல் எங்கேயோ ஒரு கல்லின் அடியில் இருந்தே ஆகவேண்டும். மேல்கல்லின் அச்சுக்குப் பொருத்தமான அகல வெடிப்பும் அதே கல்லின் மேல்முகத்தில் இருக்கவேண்டும். நடுவில் ஒரு கல் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. ரெண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"லாரிதான் அக்கா. ஒரு கல்லு கொறையுது."

அண்ணன் டேப்பை இழுத்தார், விட்டார். அது சரக்கென்று உள்ளே போனது. மறுபடி இழுத்தார். பெரிய லாரி யார்டுக்குள் திரும்பாது என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் அவருடைய லாரிக்கு மாற்றித்தான் கல் வந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ஒண்ணு ஒடஞ்சிருச்சு," என்றார் தரையைப் பார்த்து. "மாத்தும்போது. நாலு துண்டா போச்சு. அங்கயே ரோட்டோரம் போட்டுட்டு வந்துட்டாங்க பசங்க. பில்லு எடைக் கணக்குல இருந்துச்சு, எண்ணிக்கைய யாரும் கேக்கல, நானும் சொல்லல." பிறகு என்னைப் பார்த்தார். "கல்லு இதக்கூடவா சொல்லுது?"

"சொல்லுது அண்ணே. நான்தான் லேட்டா கேட்டேன்."

அக்கா மூன்று மொழியிலும் ஆரம்பிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். தெலுங்கு மட்டும்தான் வந்தது. "அன்னா, இக்கட பட்டு," இங்கே பிடி என்று கல்லின் ஒரு முனையை அண்ணன் பக்கம் தள்ளினார். அவர் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பிடித்தார். ரெண்டு பேருமாக மேல்கல்லை ஒரு விரற்கடை உயரத்தில் கட்டைகள் வைத்து நிறுத்தினார்கள், இல்லாத கல்லுக்கு இடம் விட்டு.

கப்பல்காரர் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். போன வாரம் நான் சொன்னது தலைகீழ் என்றேன். ஜீவன் கிடையாது, காய்ந்த சேறு. கடல் போகவில்லை, வந்தது. நடுவில் ஒரு கல் உடைந்துபோய்விட்டது. மூச்சுவிடாமல் சொன்னேன், கெட்ட செய்தியை ஒரே பார்சலாகக் கொடுப்பதுதான் எங்கள் குவாலிட்டி டிபார்ட்மெண்ட் வழக்கம்.

அவர் குனிந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். கப்பலில் கடல் வரைபடத்துக்கு வாரா வாரம் திருத்தம் வரும் என்றார். மணல்மேடு நகர்ந்திருக்கும், விளக்கு மாறியிருக்கும், பழைய கோட்டை அடித்துப் புதுசு போடுவார்கள். திருத்தம் வருகிறதே என்று வரைபடத்தை யாரும் கோபித்துக்கொண்டதில்லை, திருத்தாமல் போனவன்தான் தரை தட்டுவான். சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டார். அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, சாருக்கு நேரமாகுது போல. நீங்க சொல்லுங்க."

அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு தரையில் குந்தினார். கூழாங்கல்லில் ஆரம்பித்து, ஒவ்வொரு கல்லிலும் விரல் வைத்து, இங்கே கரை, இங்கே வெயில் காய்ந்தது, இங்கே தண்ணி மெதுவா வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ரெண்டு மணி நேரம் சொன்னது அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். இடைவெளி வந்ததும் நிறுத்தி, "இந்தக் கல்லு எங்க வண்டில ஒடஞ்சது சார். வேற கல்லு வெச்சா பொய்யாயிடும். இந்த எடத்த வெறும் சிமெண்ட்டா விடறேன்" என்றார். அண்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அந்தச் சிமெண்ட்டுப் பட்டைக்கும் சேர்த்துத்தான் கப்பல்காரர் சரி என்றார். சுவர் ஆடிக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. ஜல்லி வரவில்லை. அண்ணன் தன் லாரிகளை எதிர்ப்பக்கம் வேறு யாருடைய இடத்திலோ விட்டுக்கொண்டிருக்கிறார். வாடகை ஜாஸ்தி என்று புலம்பல்.

அக்கா செய்த முதல் காரியம், குவாரிக்கு ஃபோன் போட்டது. இனிமேல் கல்லைப் பிளந்து தூக்குவதற்கு முன்னால், மேலே இருக்கும் பக்கத்தில் பெயிண்ட்டால் ஒரு குறி வைக்க வேண்டும். குவாரிக்காரருக்குப் புரியவில்லை. கல்லுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதானே, எந்தப் பக்கம் பாலீஷ் வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் என்றாராம். அக்கா கன்னடத்தில் கால் மணி நேரம் விளக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன், அவருக்கு ஃபோனில் தெரியாவிட்டாலும்.

போன ஞாயிறு புது லோடு வந்தது. ஓசூரில் ஒரு கிளினிக்குக்கு, வரவேற்பறைச் சுவர். முதல் கல்லை இறக்கினார்கள். சிவப்புப் பெயிண்ட்டில் பளிச்சென்று ஒரு அம்புக்குறி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திருப்பினார்கள். அடியிலும் அதே சிவப்பில் அதே மாதிரி ஒன்று. ரெண்டாவது கல்லிலும் ரெண்டு பக்கமும். எதற்கு வம்பு என்று குவாரிக்காரர் எல்லா முகத்துக்கும் குறி வைத்து அனுப்பிவிட்டார்.

அக்கா பார்த்தார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு குந்தி உட்கார்ந்து, பெயிண்ட்டைத் தாண்டி, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார்.

"இது அடி," என்றார். "திருப்பிப் போடுங்கப்பா."